காத்தாடி மில்லுக்கு பிரேக் கிடையாது

வீரராகவன்: அதெல்லாம் சரி எட்வர்ட்ணா. பாதுகாப்பு வார நாடகத்துல கோடாலி எதுக்கு?

எட்வர்ட்: அட்டைல செஞ்சது சார். தொட்டுப் பாருங்க. டீ சிந்தினாலே நமுத்துரும்.

வீரராகவன்: அட்டையோ இரும்போ... சேஃப்டி ஆபீசர்னு நான்தான கையெழுத்து போடணும்? போன வருசம் ஹெல்மெட் பாட்டு பாடினீங்க. நல்லாத்தான இருந்துச்சு.

கிறிஸ்டினா: அந்தப் பாட்டுக்கு எல்லாரும் தூங்கிட்டாங்க சார். நீங்களுந்தான்.

வீரராகவன்: நானா? கண்ண மூடி ரசிச்சேன்.

கிறிஸ்டினா: கொறட்ட வுட்டுக்கினு ரசிச்சீங்க.

எட்வர்ட்: ஏ கிறிஸ்டி... சார் திருநின்றவூர்லேர்ந்து ரெண்டு ட்ரெயின் மாறி கும்மிடிப்பூண்டிக்கு வர்றாரு. அசதி இருக்காதா?

வீரராகவன்: கிண்டல் போதும். அடுத்த ஷிப்டு சாப்பாட்டுக்கு வந்தா கேன்டீன்ல ஒக்காந்து பேச முடியாது. கதை எந்த ஊர்ல நடக்குது?

எட்வர்ட்: வெஸ்ட் இண்டீஸ்ல சார்.

வீரராகவன்: கிரிக்கெட் கதையா?

எட்வர்ட்: கிரிக்கெட்டுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி. வெள்ளக்காரன் அங்க கரும்புத் தோட்டம் போட்ட காலம். ஆப்பிரிக்காலேர்ந்து ஜனங்களப் புடிச்சி, கப்பல்ல அடுக்கிக் கொணாந்து, சந்தைல வித்தான். வாங்கினவனுக்கு அவங்க சொத்து. அவங்க புள்ள பொறந்தா அதுவும் சொத்து. எம் பொண்ணு ஜெபா காலேஜ்ல ஹிஸ்டரி படிக்குதுல்ல... அது படிச்சி சொல்லிச்சி, நான் சீன் கட்டினேன்.

வீரராகவன்: அப்ப நம்ம கம்பெனிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

எட்வர்ட்: ஏழு கடல் தள்ளி சார்.

வீரராகவன்: நல்லதாப் போச்சு. மேல இருக்குறவங்க அதத்தான் மொதல்ல கேப்பாங்க. சொல்லுங்க, கதைல யாரு யாரு?

கிறிஸ்டினா: நான் சொல்றேன் சார். அபேனா நான்தான்.

வீரராகவன்: இன்னா பேரு?

கிறிஸ்டினா: அபேனா. செவ்வாக்கெழம பொறந்தவ. அவங்க ஊர்ல எந்தக் கெழம பொறக்குறாங்களோ அதான் பேரு. புருசன் வெள்ளிக்கெழம பொறந்தவன், கோஃபி. ஆனா தோட்டத்துல அந்தப் பேரெல்லாம் யாருக்கு வேணும்? தொர அவள ‘பெல்லா’ன்னு கூப்ட்டான். அவன ‘சீசர்’னு.

வீரராகவன்: சீசரா? ராஜா பேராச்சே.

எட்வர்ட்: நக்கலு சார். மண்வெட்டியக் கையில குடுத்துட்டு ராஜா பேரு வெக்கிறது. அவன் நாய்க்கும் அதே பேருதான் வெச்சிருப்பான்.

வீரராகவன்: ம்... சரி. அப்புறம்?

கிறிஸ்டினா: விடியறப்பவே மணி அடிப்பான். ஆம்பள பொம்பள எல்லாம் ஒரே வரிசையா நின்னு கரும்பு நடக் குழி வெட்டணும். ஒருத்தி பின்தங்கினா முதுகுல சாட்டை வுழும். குழிக்கு எரு வேணும்ல... சொட்டச் சொட்டக் கூடைய தலைல தூக்கி வெச்சிக்கினு ஓடணும். நண்டும் சிண்டுமா இருக்குற புள்ளைங்க களை புடுங்கணும். கரும்பு வளந்துதுன்னா சோகை எல அறுத்து ஒடம்பெல்லாம் கோடு கோடாக் கெடக்கும்.

வீரராகவன்: சோகை அறுக்குந்தான். எங்க ஊர்ல நெல்லோட கொஞ்சம் கரும்பும் போடுவோம். எங்க நைனா முழுக்கைச் சட்டை இல்லாம கரும்புக் கொல்லைக்குள்ள போக மாட்டாரு.

கிறிஸ்டினா: உள்ள போவாரா சார்?

வீரராகவன்: ...வரப்பு வரைக்கும் போவாரு.

எட்வர்ட்: அதுக்கும் சட்டை வேணுந்தான் சார். வெயிலு இல்லையா.

வீரராகவன்: ரெண்டு பேரும் சேந்துக்கினு என்ன ஓட்றீங்க. கதைய சொல்லும்மா.

கிறிஸ்டினா: எப்பவும் அழுதுக்கினே இருந்தாங்கன்னு நெனைக்காதீங்க. அபேனா வாய்க்காரி. ஞாயித்துக்கெழம ஒரு நாளுதான் அவங்களுக்கு. குடிசைக்குப் பின்னாடி கெழங்கு போட்டிருந்தா, கோழி வளத்தா. முட்டைய சந்தைல வித்துட்டு அங்க நாலு ஜனத்தோட ஆடிட்டுதான் வருவா. அவகிட்ட ஒரு சேவல்... சோம்பேறி சேவல். அதுக்கு மேஸ்திரி பேரையே வெச்சிட்டா.

வீரராகவன்: யாரு, அந்த வெள்ளக்கார மேஸ்திரியா?

கிறிஸ்டினா: ஆமா. அவன் அந்தப் பக்கமா போனா, ‘ஏ டாமு, தின்னுட்டுத் தின்னுட்டு நிழல்லயே நிக்கிறியே, ஒனக்கு வெக்கமா இல்ல?’ன்னு சேவலத் தொரத்துவா. அவங்க பாஷைல. அவனுக்கு பேரு மட்டும் புரியும். திரும்பிப் பாப்பான். இவ சேவலக் காட்டுவா.

வீரராகவன்: ஹா ஹா... இந்த சீன நல்லா கைதட்டுவாங்க. மேஸ்திரி யாரு?

எட்வர்ட்: நம்ம ராபின் சார். வெள்ளை ஹெல்மெட் போட்டுக்கினு வருவான்.

வீரராகவன்: வெள்ளை ஹெல்மெட் சூப்பர்வைசருங்க போடறதுணா. வேணாம். தொப்பி வெச்சிக்கட்டும்.

எட்வர்ட்: தொப்பிதான் சார். தொப்பி வெச்சிரலாம்.

வீரராகவன்: அப்புறம் ஆப்பிரிக்காக்காரங்கன்னு மூஞ்சில மை கிய் பூசாதீங்க. நல்லாருக்காது.

எட்வர்ட்: யாரும் பூசல சார். எங்க மூஞ்சிய எதுக்கு மறைக்கணும்?

வீரராகவன்: இதுவரைக்கும் சரி. இதுல பாதுகாப்பு எங்க வருது?

எட்வர்ட்: மில்லுல வருது சார். அறுவடைல ஆரம்பிக்குது பேஜாரு. வெட்டின கரும்ப மறுநாள் வரைக்கும் வெச்சா புளிச்சிரும். அதனால மாசக்கணக்குல ராவும் பகலுமா மில்லு ஓடும். பகல்ல வெட்டினவனே ராத்திரி மில்லுலயும் நிக்கணும். மூணு உருளை நெட்டா நிக்கும். ஆளு கரும்ப எடுத்து நடுவுல குடுக்கணும். கோஃபிக்கு அந்த வேலை.

வீரராகவன்: உருளைக்கு முன்னாடி தடுப்பு?

எட்வர்ட்: ஒண்ணும் கெடயாது.

வீரராகவன்: நிறுத்தணும்னா?

எட்வர்ட்: அது காத்தாடி மில்லு சார். மேல காத்து அடிக்குது, கீழ உருளை சுத்துது. காத்துக்கு யாரு பிரேக் போடறது?

வீரராகவன்: அப்ப கை மாட்டிக்கினா?

எட்வர்ட்: அதுக்குத்தான் சார் கோடாலி. உருளைக்குப் பக்கத்துலயே தொங்கும். வெரலு மாட்டுச்சின்னா தோள் வரைக்கும் இழுக்குறதுக்குள்ள கைய வெட்டணும். ஆளு பொழைப்பான், மில்லும் ஓடும். இத்த நான் சும்மா சொல்லல. ஜெபா புத்தகத்துல காட்டிச்சி.

வீரராகவன்: ...தடுப்பு வெக்கிறத வுட்டுட்டு கோடாலியா வெச்சான்?

எட்வர்ட்: கோடாலி மலிவு சார்.

கிறிஸ்டினா: டீ ஆறுது சார். குடிங்க.

வீரராகவன்: குடிக்கிறேன்... அந்தக் கோடாலிக்கு யார நிறுத்துவாங்க?

கிறிஸ்டினா: யார வேணா நிறுத்தலாம். மேஸ்திரி அபேனாவ நிறுத்தினான்.

வீரராகவன்: பொண்டாட்டியவா?

கிறிஸ்டினா: அவதான் தூங்க மாட்டான்னு கணக்குப் போட்டான். புருசன் கை உள்ள போயி போயி வருது. பாத்துக்கினு நிக்கிறவளுக்குத் தூக்கம் வருமா?

எட்வர்ட்: இங்கதான் சார் பாட்டு வருது. அவ ஒரு அடி பாடுவா, கோஃபி பதிலுக்கு ஒரு அடி பாடணும். பதில் வந்தா முழிச்சிருக்கான்னு அர்த்தம். ராவெல்லாம் அப்டியே பாடுவாங்க. மேஸ்திரி, ‘அட, எவ்ளோ குஷியா வேல செய்யுதுங்க’ன்னு சிரிப்பான்.

வீரராகவன்: அடப்பாவி...

எட்வர்ட்: ஒருவாட்டி செஞ்சே காட்றோம் சார். கோஃபி இன்னிக்கி வரல. அவனுக்குப் பதிலா நானு. கிறிஸ்டி, நீ அங்க நில்லு. இந்தாண்ட உருளை... இத்தான் கரும்பு. ம், பாடு.

கிறிஸ்டினா: ‘காத்து வருது கெழக்கால...’

எட்வர்ட்: ‘காடு கரும்பு மேற்கால...’

கிறிஸ்டினா: ‘கண்ணு ரெண்டும் எங்க மாமா?’

எட்வர்ட்: ‘கையி மேல இருக்குதம்மா...’

வீரராகவன்: இருங்க இருங்க. எட்வர்ட்ணா, கரும்பு ஆளு ஒசரம் இருக்கும். ரெண்டு கையால தான தூக்கிக் குடுக்கணும்?

எட்வர்ட்: ஆமா சார்.

வீரராகவன்: நீங்க எடது கையால மட்டும் தள்றீங்க. வலது கை அங்க ஓரமா எத்தையோ அமுக்கிக்கினே இருக்கு.

எட்வர்ட்: ...அமுக்குதா?

வீரராகவன்: ஒவ்வொரு வாட்டியும். தள்றீங்க, அமுக்குறீங்க. தள்றீங்க, அமுக்குறீங்க.

கிறிஸ்டினா: நானும் சொல்லிக்கினே இருக்கேன் சார். இவருக்கு வர மாட்டேங்குது.

எட்வர்ட்: பழக்கம் சார். இத்தினி வருசமா தகடு அடிக்கிற பிரஸ்ஸுல நின்னு நின்னு... நாடகம்னு கைக்குத் தெரியல.

வீரராகவன்: நம்ம பிரஸ்ஸுக்கு ரெண்டு பட்டன். ரெண்டு கையாலயும் சேத்து அமுக்கினாத்தான் எறங்கும். தகடு வெக்கிற கை வெளிய வரணும்னுதான அப்டி வெச்சிருக்கு?

எட்வர்ட்: ஆமா சார்.

வீரராகவன்: உங்க எடது கை உள்ள இருக்கு. வலது கை ஒரு பட்டன்ல. அப்ப இன்னொரு பட்டன யாரு அமுக்குறா? சொல்லுங்க எட்வர்ட்ணா.

எட்வர்ட்: சைக்கிள் டியூப்பு சார்.

வீரராகவன்: டியூப்பா?

எட்வர்ட்: பட்டன அமுக்கி டியூப்பால கட்டிர்றது. எடது கை தகடு வெச்சிக்கினே இருக்கலாம். அப்டி செஞ்சாத்தான் ஒரு ஷிப்டுக்கு அவங்க கேக்குற பீஸு வரும். நீங்க ரவுண்ட்ஸ் வர்றப்ப அவுத்துருவோம்.

வீரராகவன்: கை உள்ள இருந்தா சென்சார் நிறுத்திருமே.

கிறிஸ்டினா: ஆறாம் நம்பர் பிரஸ்ஸுல சென்சார் இல்ல சார். அடிக்கடி நிக்கிதுன்னு லைன கழட்டி வுட்டாங்க. அது ஒங்களுக்கும் தெரியும்.

வீரராகவன்: ...தெரியும். ரெண்டு தடவை சொல்லிட்டேன். ஸ்பேர் வரட்டும், வரட்டும்னாங்க. ஆனா சத்தியமா டியூப்பு தெரியாது.

எட்வர்ட்: யாரும் ஒங்களத் தப்பு சொல்லல சார்.

வீரராகவன்: சொல்லலாம். பரவால்ல... இப்ப புரியுது எனக்கு. ஏழு கடல் தள்ளின்னு சொன்னீங்களே.

கிறிஸ்டினா: தள்ளிதான் சார். அவங்கள வெலைக்கு வாங்கினான், சாட்டைல அடிச்சான். ஓடினா நாய வுட்டுப் புடிச்சான். எங்கள யாரும் வாங்கல. வேணாம்னா நாளைக்கே நின்னுக்கலாம். அவங்க பட்டதும் நாங்க படறதும் ஒண்ணுன்னு சொன்னா அந்த ஜனங்களுக்கே அடுக்காது. அந்தக் கோடாலி மட்டுந்தான் சார்... அத்தப் படிச்சதும் ஆறாம் நம்பர்தான் கண்ணு முன்னாடி வந்துச்சி.

வீரராகவன்: அந்த ஆறாம் நம்பர்ல இப்ப யாரு?

கிறிஸ்டினா: வர்ற திங்கக்கெழமலேர்ந்து நானு.

வீரராகவன்: நீயா? நீ பேக்கிங் செக்‌ஷன்ல.

கிறிஸ்டினா: ஆளு இல்லன்னு மாத்திட்டாங்க. எங்க ஊட்டுக்காரரு நின்ன எடந்தான.

வீரராகவன்: ஆமா... பீட்டர் எப்டிம்மா இருக்கான்?

கிறிஸ்டினா: இருக்காரு சார். நாஷ்டா ஊட்டி வுட்டுட்டுதான் வேலைக்கி வர்றேன்.

வீரராகவன்: பைக்கப் பாத்து ஓட்டணும்னு சொல்லு.

கிறிஸ்டினா: சொல்றேன் சார்.

எட்வர்ட்: நல்லா சொல்லு கிறிஸ்டி.

வீரராகவன்: இங்க பாரு... திங்கக்கெழம நீ பிரஸ்ஸுக்குப் போக வேணாம். பேக்கிங்லயே இரு. நான் பேசி வாங்கித் தர்றேன். நாளைக்கழிச்சி விழாவுக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றாரு. மொத வரிசைல ஒக்காருவாரு. கோடாலி வேணாம். அபேனா பாடினா, கோஃபி கண்ணத் தொறந்தான், கை தப்பிச்சிதுன்னு முடிச்சிரலாம். ரெண்டு பேருக்கும் நல்லதுதான?

கிறிஸ்டினா: நான் பேக்கிங்ல இருந்தா ஆறாம் நம்பர்ல யாரு சார் நிப்பாங்க?

வீரராகவன்: யாராவது...

கிறிஸ்டினா: முத்தம்மா நிப்பா. போன மாசந்தான் காண்ட்ராக்ட்ல சேந்துது. மெஷினப் பாத்தாலே கண்ண மூடிக்குது. எனக்கு பேக்கிங் வேணாம் சார். சென்சார மாட்டச் சொல்லுங்க. மாட்டிட்டா இந்த நாடகமே வேணாம். எட்வர்ட்ணா ஹெல்மெட் பாட்டே பாடட்டும்.

எட்வர்ட்: ரெண்டு தபா கூட பாடறேன்.

வீரராகவன்: என் கையில இருந்தா மாட்டியிருக்க மாட்டேனா?

கிறிஸ்டினா: அதான் சார். ஒங்க கையிலயும் இல்ல, எங்க கையிலயும் இல்ல. மொத வரிசைல ஒக்கார்றவரு கையில இருக்குதில்ல?

வீரராகவன்: ...எனக்கு வீட்டு லோன் ஓடுதும்மா.

எட்வர்ட்: தெரியும் சார். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். ஒண்ணும் பண்ணாம இருந்தாலே போதும்.

வீரராகவன்: முடிவு எப்டி வெச்சிருக்கீங்க? அத்த சொல்லுங்க மொதல்ல.

கிறிஸ்டினா: தொறைமுகத்துல கப்பலு காத்துக்கினு இருக்குது, இன்னும் வேகமா அரைன்னு சொல்லிட்டான். அன்னிக்கி நல்ல காத்து. அபேனா பாட்றா. பதிலு வருது. பாட்றா... வருது. பாட்றா...

வீரராகவன்: வரல.

கிறிஸ்டினா: வரல சார். பாக்கறா. மணிக்கட்டு வரைக்கும் உள்ள போயிருச்சி. காத்து நிக்கல. கோடாலிய எடுக்கலன்னா முழு ஆளையும் இழுத்துரும்.

வீரராகவன்: எடுத்தாளா?

கிறிஸ்டினா: எடுக்காம? எந்தக் கையப் புடிச்சி அவ சந்தைல ஆடினாளோ அந்தக் கைய அவளே...

வீரராகவன்: மேஸ்திரி இன்னா சொன்னான்?

எட்வர்ட்: ‘கரும்ப யாராவது குடுங்கடா, உருளை சும்மா சுத்துது’ன்னான். அடுத்த ஆளு வந்து நின்னான்.

வீரராகவன்: அப்ப கோஃபி?

எட்வர்ட்: கோஃபி சாவல சார். ஒரு கையோட இருக்கானேன்னு தோட்டத்துக்குக் காவல் போட்டாங்க. கரும்பு திருட வர்றவனப் புடிக்கணும். வர்றது யாரு? பசிக்கிற அவன் ஜனந்தான். கோஃபி அந்தப் பக்கமாத் திரும்பி நின்னுக்கினு பாடுவான். அவங்க ஒடிச்சிக்கினு போவாங்க. அதான் கடைசி சீன்.

வீரராகவன்: அதோட திரை?

எட்வர்ட்: இல்ல சார். அபேனா முன்னாடி வந்து, ஜனத்தப் பாத்து ஒரே ஒரு கேள்வி கேப்பா. ‘தடுப்பு வெக்க இன்னும் எத்தினி கை வேணும்?’

வீரராகவன்: கேள்வியோட முடியாதுணா. கடைசில எல்லாரும் சேந்து ‘பாதுகாப்பே முதன்மை’ன்னு சொல்லணும். அது ரூல்.

எட்வர்ட்: சொல்லிர்றோம் சார். நல்லா சத்தமா சொல்றோம்.

கிறிஸ்டினா: அதுக்கப்புறம் சொன்னா நல்லாத்தான் இருக்கும்.

வீரராகவன்: ...பேனா இருக்கா?

எட்வர்ட்: சார்?

வீரராகவன்: பேனா குடுங்கணா. கதை வெஸ்ட் இண்டீஸ்ல நடக்குது. நம்ம கம்பெனிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. அப்டித்தான நீங்க சொன்னீங்க, நான் கேட்டேன்?

எட்வர்ட்: அப்டித்தான் சார். அப்டியேதான் சொன்னேன்.

வீரராகவன்: நீங்க நின்னு காட்டினப்ப நான் போன்ல பேசிக்கினு இருந்தேன். கை எத்த அமுக்குச்சின்னு பாக்கல.

கிறிஸ்டினா: ரொம்ப தேங்ஸ் சார்.

வீரராகவன்: தேங்ஸ் எல்லாம் வேணாம். இந்தாங்க, போட்டாச்சு. செய்றத ஒழுங்கா செய்ங்க. கோஃபியா நடிக்கிறது யாரு? ஒரு கை இல்லாதவன எப்டி காட்டுவீங்க? சட்டைக்குள்ள மடக்கி வெச்சிக்கினு வந்தா ஸ்கூல் நாடகம் மாதிரி இருக்கும். சனங்க சிரிச்சிருவாங்க.

எட்வர்ட்: அதெல்லாம் சிரிக்க மாட்டாங்க சார்.

வீரராகவன்: பொன்னேரில எனக்குத் தெரிஞ்ச மேக்கப்காரர் ஒருத்தர் இருக்கார். தெருக்கூத்துக்கெல்லாம் வேஷம் போட்டு வுடுவார். மெழுகு வெச்சி வெட்டுப்பட்ட கை மாதிரியே செஞ்சிருவார். செலவு என்னோடது. வரச் சொல்லட்டா?

கிறிஸ்டினா: வேணாம் சார். கோஃபி எங்க ஊட்டுக்காரருதான்.

வீரராகவன்: பீட்டரா...? அவன் பைக்ல வுழுந்து...

கிறிஸ்டினா: எங்ககிட்ட பைக்கு ஏது சார்? ஆஸ்பத்திரில அவரு கைக்கட்டப் பிரிக்கிறப்ப நீங்கதான பக்கத்துல நின்னுக்கினு, ‘யாரு கேட்டாலும் பைக்குனு சொல்லிடும்மா’ன்னு அழுதீங்க. அந்தக் கைக்கு மேக்கப்பு வேணாம் சார்.